புது வண்டிக்கு எந்த ஒயில்? வொரண்டி அட்டை என்ன சொல்கிறது?

(தோட்ட வாசிகசாலையில் முச்சக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கும் குடும்பத்தவர்களுக்கும் தோட்ட நலன்புரி அலுவலர் ஆற்றிய உரை)

 

கொழுந்து நிறுத்து முடித்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, இந்த மழையிலும் வந்திருக்கிறீங்க. அதனால் அதிகம் இழுக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மறுபடி திறக்கப்பட்டது. அதோடு புது வண்டி வாங்கும் பேச்சும் நம் லயங்களில் திரும்பி வந்திருக்கிறது. நம் வீட்டுக்கு வண்டி எப்படி வருகிறது? அம்மாவின் சேமலாப நிதிக் காசு, தங்கச்சியின் தோடு, மிச்சத்துக்கு லீசிங். நடு இராத்திரியில் மேல் டிவிசனில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி கண்டால் ஆஸ்பத்திரிக்கு இறங்குவதும் அதே வண்டியில்தான். எஞ்சின் நின்றால் உழைப்பு நிற்கும். ஆனால் லீசிங் தவணை நிற்காது. ஆகவே வொரண்டி என்பது சாரதிக்கு மட்டும் உரிய காரியம் அல்ல, முழுக் குடும்பத்தின் காரியம்.

தம்பிமார்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "வொரண்டி இருக்கும்போதே சிந்தெட்டிக் ஒயிலுக்கு மாறலாமா? மாறினா வொரண்டி போயிருமா?"

முதலில் சிந்தெட்டிக் என்றால் என்ன என்று பார்ப்போம். சாதாரண ஒயில் மசகெண்ணெயைச் சுத்திகரித்து எடுப்பது. அதில் சின்னதும் பெரியதுமாகப் பல அளவுத் துணிக்கைகள் கலந்திருக்கும். சிந்தெட்டிக் ஒயில் இரசாயன முறையில் ஆக்கப்படுவது. சல்லடையில் தரம் பிரித்த தூள் மாதிரி, துணிக்கைகள் அநேகமாக ஒரே அளவில் இருக்கும். அதனால் விடியற்காலைக் குளிரில் சீக்கிரம் ஓடி எஞ்சினின் மேல் பகுதி வரைக்கும் போய்ச் சேரும். ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு முதல் கியரில் மேடு ஏறும்போது, அந்தச் சூட்டில் சீக்கிரம் கெட்டுப் போகாது. நல்ல பொருள்தான். விலையும் கூட.

ஆனால் "சிந்தெட்டிக்" என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. வண்டியோடு வந்த கைநூலில் இரண்டு விஷயம் எழுதியிருக்கும். ஒன்று, ஒயிலின் இலக்கம். உதாரணமாக 20 டபிள்யூ 50 என்றால், முன் இலக்கம் குளிரில் எப்படி ஓடும் என்பதையும், பின் இலக்கம் சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் சொல்கிறது. மற்றது தரக் குறியீடு, அதாவது ஏ.பி.ஐ., ஜாசோ போன்றவை. இந்த இரண்டும் பொருந்தினால் சாதாரண ஒயில், சிந்தெட்டிக் ஒயில் என்ற வித்தியாசம் எஞ்சினுக்குக் கேடு செய்யாது. பொருந்தாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தும் பலன் இல்லை.

கிளச் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். கியர் மாற்றி ஓட்டும் மோட்டார் சைக்கிள்களிலும், நம்முடைய நாலு ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளிலும் பெரும்பாலும் கிளச் தட்டுகள் எஞ்சின் ஒயிலிலேயே ஊறி நிற்கின்றன. காருக்கென்று செய்த சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அதை ஊற்றினால் கிளச் வழுக்கும், மேட்டில் இழுக்காது. இப்படிப்பட்ட கிளச்சுக்கு ஏற்றது ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ. 2 என்று போட்ட ஒயில். எம்.பி. என்று போட்டது இதற்கு ஆகாது.

இப்போது வொரண்டி. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. இந்தக் கம்பனி ஒயிலைத்தான் வாங்க வேண்டும் என்று, அதை இலவசமாகக் கொடுக்காமல், வொரண்டிக்கு நிபந்தனை போட அங்கே பொதுவாக முடியாது. போனில் வரும் வீடியோக்களில் சொல்வது அந்தச் சட்டத்தைத்தான். அது நம் நாட்டுக் கடையில் செல்லாது. நமக்கு முக்கியம் நம் கையில் உள்ள வொரண்டி அட்டை. முகவரின் சர்விஸ் நிலையத்தில்தான் ஒயில் மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தால், வொரண்டி முடியும் வரை அங்கேதான் போக வேண்டும். சிந்தெட்டிக் போட விருப்பமா? அங்கேயே கேளுங்க. "போடலாம்" என்றால் வாய்ச் சொல்லோடு விடாமல் சர்விஸ் புத்தகத்தில் எழுதி, முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்க.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி, வண்டி வாங்கி வருஷம் திரும்பும் முன்னே சிந்தெட்டிக் ஊற்றினார். ஊற்றியது சரியான இலக்கம்தான். கொஞ்ச நாளில் எஞ்சினில் சத்தம். விற்ற இடத்துக்கு அவரோடு நாங்களும் போனோம். "என்ன ஒயில் போட்டீங்க? பில் எங்கே?" என்று கேட்டார்கள். பில்லும் இல்லை, காலி டின்னும் இல்லை. தெரிந்த பாஸ் ஒருவர் ரோட்டோரத்தில் மாற்றிக் கொடுத்தது. ஒயிலால்தான் பழுது வந்தது என்று அவர்களும் காட்டவில்லை. அது இல்லை என்று காட்ட எங்களிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. செலவு முழுக்க அந்தக் குடும்பத்தின் தலையில் விழுந்தது. தாயின் சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது.

அதனால் தாய்மார்களே, வீட்டில் பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பையிலேயே வண்டியின் பில்களையும் வையுங்க. திகதி, ஓடிய கிலோமீற்றர், ஒயிலின் பெயர், இலக்கம் நாலும் பில்லில் இருக்க வேண்டும். சிந்தெட்டிக் நீண்ட நாள் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னாலும், சர்விஸ் புத்தகத்தில் உள்ள கிலோமீற்றரைத் தாண்டக் கூடாது. ஒரு தவணை தவறினாலே மறுக்க அது காரணமாகிவிடும்.

பிரேக் ஒயில் வேறு கதை. டொட் 3, டொட் 4 என்பவை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புது டொட் 4 ஒயில் 230 பாகை செல்சியஸ் வரைக்காவது கொதிக்காமல் நிற்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடும். றம்பொடை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டில் ஒயில் கொதித்து, மிதி அப்படியே உள்ளே போகும். டொட் 5 என்பது சிலிக்கன். அதை மற்றதோடு கலக்கவே கூடாது. மூடியில் எழுதியதை மட்டும் ஊற்றுங்க. இறக்கத்தில் சின்ன கியரில் வாங்க.

வொரண்டி இருந்தும் நியாயமின்றி மறுத்தால் சும்மா திரும்பி வராதீங்க. மறுப்பை எழுத்தில் கேளுங்க. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். பொருள் வாங்கி அல்லது சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதால் தாமதிக்க வேண்டாம். தொலைபேசி இலக்கம் 1977. கடிதம் எழுதத் தெரியாவிட்டால் நலன்புரி அலுவலகத்துக்கு வாங்க, உட்கார்ந்து எழுதுவோம்.

கடைசியாக ஒன்று. மாற்றிய பழைய ஒயிலைக் காணில் ஊற்றாதீங்க. மேல் லயத்துக் காண் கீழ் லயத்துப் பீலிக்குத்தான் போகிறது. டின்னில் அடைத்து, சர்விஸ் நிலையத்தில் கொடுங்க.

இன்று வீட்டுக்குப் போனதும் வொரண்டி அட்டையைத் தேடி எடுங்க. ஆங்கிலத்தில் இருந்தால் படிக்கிற பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்க. விளங்காத வரிக்குக் கீழே கோடு போட்டுக் கொண்டு வாங்க.