காலண்டர் அட்டை போட்ட நாவல்கள்

(வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மறக்கப்பட்ட நாவல்கள் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் விமர்சகன் இல்லை. கவிதை எழுதுகிறவன், பகலில் வங்கிக் குமாஸ்தா. எனக்குத் தெரிந்த ஒரு வாசகரைப் பற்றிச் சொல்கிறேன். கல்லூரியில் எனக்குத் தமிழ் நடத்திய ஐயா.

வகுப்பில் அவருக்கு நாவல் என்றால் 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரம், அப்புறம் கமலாம்பாள், பத்மாவதி. பாடத்திட்டம் நிற்கிற இடத்தில் அவரும் நின்றுவிடுவார். மூணு வருஷமும் மேல்சாதித் திண்ணைகளையே சுற்றி வந்தோம். எங்க தெருவுக்கு ஒரு நாவலும் வரலை.

கடைசி வருடம் ஒரு நோட்டு வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்கடியில் தகரப்பெட்டி. உள்ளே இருந்த அத்தனை புத்தகத்துக்கும் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு அட்டை. பேர் எழுதலை. ஒன்றைப் பிரித்தேன். கே. டானியலின் 'பஞ்சமர்', 1972. யாழ்ப்பாணத்தில் கோயிலுக்குள்ளும் தேநீர்க்கடைக்குள்ளும் நுழைய நம்ம ஜனம் நடத்திய போராட்டம். டானியல் 1986இல் நம்ம தஞ்சாவூரில்தான் கண்ணை மூடினார். எங்க வகுப்பில் அவர் பேர் அடிபட்டதே இல்லை. ஐயாவோ கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ராத்திரியில் படித்திருக்கிறார். படித்து முடித்த தேதியைக் கடைசிப் பக்கத்தில் எழுதுவது அவர் வழக்கம். அந்தப் புத்தகத்தில் ஏழு தேதிகள் இருந்தன.

பூமணியின் 'பிறகு' இருந்தது. டி. செல்வராஜின் 'மலரும் சருகும்' இருந்தது. செல்வராஜுக்கு 2012இல் 'தோல்' நாவலுக்காக சாகித்ய அகாதமி விருது கொடுத்தார்கள். அறுபதுகளில் வந்த இந்த நாவலை என் நண்பர்கள் ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை. நெல்லு அளக்கிற மரக்காலில் நடக்கும் மோசடி, அரசாங்க முத்திரை குத்திய மரக்கால் வேணும்னு நெல்லைச் சீமையில் எழுந்த போராட்டம், இதுதான் கதை. எங்க ஆச்சி கூலி நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து எங்க படியில் மறுபடி அளந்து பார்க்கும். எப்பவும் குறையும். ஒண்ணும் பேசாம உலையை வைக்கும். அந்தக் குறைவை ஒருத்தர் நாவலாவே எழுதியிருக்கார் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வயசு ஆச்சு.

“ஏன் ஐயா, இதையெல்லாம் வகுப்புல சொல்லலை?”

“வீட்டுக்காரருக்கு நான் என்ன ஆளுன்னு தெரியாது தம்பி. டிபார்ட்மெண்ட்லயும் பாதிப்பேருக்குத் தெரியாது. இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா என் குரலே காட்டிக் குடுத்துரும்.”

கோபம் வந்தது. முப்பது வருஷம், எத்தனை பிள்ளைகள்! பாடத்திட்டக் குழு மறைத்தது, பெரும் பத்திரிகைகள் மறைத்தன என்று நாம் பேசுகிறோம். சரிதான். ஆனா ஏழு தடவை படித்தவரும் வாயைத் திறக்கலையே.

ஓய்வு பெற்றபோது பெட்டியை எனக்கு அனுப்பிவிட்டார். மதிய இடைவேளையில் வங்கியில் வைத்துப் படிப்பேன். போன மாதம் பக்கத்து சீட்டுக்காரர், “என்ன புக் சார்?” என்றார். “சும்மா, கதைப் புத்தகம்” என்றேன். காலண்டர் அட்டை அப்படியேதான் இருந்தது.

அன்றைக்கு ராத்திரி எல்லா அட்டையையும் பிரித்தேன். பெட்டி இங்கே வாசலில் இருக்கு. நோட்டில் பேர் எழுதிவிட்டு எடுத்துட்டுப் போங்க. படித்து முடித்த தேதியை ஐயா தேதிக்குக் கீழே போட்டுத் திருப்பிக் கொடுங்க.