யார் கையெழுத்தில் யாருடைய சம்மதம்?



மனநலம், சர்க்கரை நோய், மாதவிடாய்ச் சிக்கல் என்று எல்லாவற்றுக்கும் இன்று கைபேசி வழியாக ஆலோசனை தரும் திட்டங்கள் வந்துவிட்டன. இவற்றுக்கு ஆள் சேர்க்க எளிய வழி ஒன்றைச் சொல்கிறார்கள்: மருத்துவரைப் பிடியுங்கள், அவர் சொன்னால் நோயாளி சேர்ந்துவிடுவார். ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதியில் இந்த வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

பிரிட்டனில் பெரும்பாலானோர் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்திருக்கிறார்கள். அவருக்குப் பணம் தருவது நோயாளியின் முதலாளி அல்ல. ஒரகடத்தில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி "என் டாக்டர்" என்று யாரைச் சொல்வார்? அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1944இல் வந்தது அதார்க்கர் அறிக்கை. அதன் வழியில் 1948இல் இஎஸ்ஐ சட்டம் வந்தது. அது நம் உரிமை. ஆனால் ஷிப்டை விட்டுவிட்டு இஎஸ்ஐ மருந்தகத்தில் வரிசையில் நிற்பது எல்லோராலும் ஆகாது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் ஆலைக்குள் இருக்கும் மருத்துவர்தான். அவருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். "இந்த ஆப்பில் சேர்ந்துக்கோம்மா" என்று அவர் சொன்னால், வேலை எத்தனை நாளைக்கு என்றே தெரியாத பெண் "வேண்டாம் சார்" என்று சொல்வாரா? சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லி 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்த வட்டாரம் இது.

2009இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்றை 'பாத்' என்ற அமைப்பு நடத்தியது. ஊசி போடப்பட்டவர்கள் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள். விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் அவர்களில் பலர். பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் போட்டார்கள். 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி தேவைதான். ஆனால் அதிகாரம் உள்ளவர் போடும் கையெழுத்து, இல்லாதவரின் சம்மதம் ஆகாது.

இங்கேயும் விடுதிகள் இருக்கின்றன. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட இருந்தவர்களின் கதி என்ன என்றுகூடத் தெரியாமல்தான் தோழிகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். திருமணமான பெண்களை அதே ஆலையில் ஐபோன் பூட்டும் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாடு இல்லை என்று மறுத்தது. இப்படிப்பட்ட சூழலில், "மாதவிலக்கு தள்ளிப்போகிறது" என்று ஒரு பெண் செயலியில் எழுதுவது யார் மேசைக்குப் போகும்? 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வேலை தொடர்பான காரணங்களுக்காகச் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள இடம் விட்டிருக்கிறது.

இதில் சாதி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்று கேட்காத ஒருவரிடம் உடம்பைப் பற்றிப் பேச முடிவதுதான் இணைய ஆலோசனையில் நமக்கு இருக்கும் பெரிய லாபம். முகவரியில் 'காலனி' என்று இருந்தாலே சாதி தெரிந்துவிடும் நாடு இது. பெயரும் முகவரியும் உள்ள கோப்பை வைத்திருப்பவர் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்றால் அந்த லாபம் வாசலிலேயே போய்விடுகிறது.

வேறு வழி இல்லாமல் இல்லை. மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணை யாருடைய சீட்டும் இல்லாமல் அழைக்கலாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். இந்தப் பாதையை அகலப்படுத்தச் சொல்வோம்.

மருத்துவர் தகவல் மட்டும் சொல்லட்டும். சம்மதம் வாங்குவது வேறொருவராக இருக்கட்டும். அதையும் ஆலைக்கும் விடுதிக்கும் வெளியே, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் விளக்கி வாங்கட்டும். நோயாளியை அனுப்பிவைக்க மருத்துவர் கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குமுறை விதிகளே சொல்கின்றன; ஆள் சேர்க்கும் மருத்துவரிடம் முதலில் அதைக் கேட்போம். ஒரு வரித் தகவல்கூட நிர்வாகத்துக்குப் போகாது என்று எழுத்தில் தரட்டும். சேர மறுத்தவருக்கும் அதே மாத்திரை, அதே மரியாதை கிடைக்க வேண்டும். இவற்றைப் பேசும் மேசையில் தொழிற்சங்கத் தோழர்களும் அந்தப் பெண்களும் உட்கார வேண்டும்.