நீளும் ரப்பர், நகரும் மலை



2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொண்டுவந்த மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. கரடியூர் மாதிரி மலையூர்களில் இருப்பவர்களுக்குப் பாதை அடைபடுவது என்றால் ஆஸ்பத்திரியும் சந்தையும் எட்டாமல் போவது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோக்கைட். மிகக் கெட்டியான பாறை. பெரும்பாலும் சரிவது அதன்மேல் உளுத்துக் கிடக்கும் மண்தான். பல இடங்களில் அந்த மண் விழுவதற்கு முன்பே நகரத் தொடங்கும். தரையிலும் தடுப்புச் சுவரிலும் கீறல் விடும். அந்தக் கீறல் ஒரு மில்லிமீட்டர் அகலும்போதே நமக்குத் தெரிய வேண்டும்.

கேரளத்தின் மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகத்தார் 2009 முதல் இந்த முயற்சியில் இருக்கிறார்கள். சரிவில் துளையிட்டுக் குழாய் இறக்கி, குழாயின்மேல் நீட்சியை அளக்கும் உலோகச் சென்சார்களை ஒட்டினார்கள். உலோகத்தை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்று கெல்வின் 1856-லேயே கண்டிருந்தார். குறை என்னவென்றால், சாதாரண உலோகச் சென்சார் ஒரு சதவீதம் நீண்டால் மின்தடை ஏறக்குறைய 2 சதவீதம்தான் மாறும். சில சதவீதத்துக்கு மேல் இழுத்தால் அது அறுந்தும் போகும். கீறலோ அதையெல்லாம் தாண்டி அகலக்கூடியது.

அங்கேதான் மின்சாரம் கடத்தும் ரப்பர் வருகிறது. ரப்பர் தானாக மின்சாரம் கடத்தாது. அதில் கார்பன் தூளைக் கலக்கிறோம். கொஞ்சமாகக் கலந்தால் துகள்கள் தனித்தனியே கிடக்கும், மின்சாரம் போகாது. ஓர் அளவைத் தாண்டியதும் வரிசையில் நிற்பவர்கள் செங்கல்லைக் கைமாற்றுவதுபோலத் துகளுக்குத் துகள் மின்சாரம் கடக்கிறது. ரப்பரை இழுத்தால் சிலர் கைக்கு அடுத்தவர் கை எட்டாமல் போகிறது, மின்தடை ஏறுகிறது.

கார்பனை வாரிக் கொட்டினால் சென்சார் மந்தமாகிவிடும். ஒரு பாதை அறுந்தாலும் வேறு பத்துப் பாதைகள் இருக்கும் அல்லவா? அதனால் மின்சாரம் போகத் தொடங்கும் அந்த அளவுக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்வதே நுட்பம். நம் குமரி மாவட்டத்து ரப்பர் பால் இதற்கு நன்றாகவே உதவும். ரப்பர் பாலில் கார்பனைக் கலந்து உலர்த்தும்போது ரப்பர் துளிகளுக்குள் அது நுழைவதில்லை, துளிகளின் இடுக்குகளில் மட்டும் சேர்கிறது. குறைந்த கார்பனிலேயே பாதை அமைந்துவிடும்.

இன்னொரு வழியைச் சிலந்தி காட்டியது. அதன் கால் மூட்டருகே உள்ள நுண்ணிய பிளவுகள் அதிர்வை உணர்கின்றன. அதைப் பார்த்து 2014-ல் சியோல் ஆய்வாளர்கள் ஒரு படலத்தின்மேல் பிளாட்டினம் பூசி, வேண்டுமென்றே விரிசல் விட்டார்கள். உலோகத்தின் 2 என்ற எண் அங்கே 2,000-ஐத் தாண்டியது. ஆனால் அந்த வித்தை 2 சதவீத நீட்சிக்குள்தான் பலித்தது. கூர்மையைக் கூட்டினால் நீளும் எல்லை சுருங்குவது இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் இடர்.

மலைக்கு 2,000 தேவையே இல்லை என்பது என் கருத்து. 50 சென்டிமீட்டர் பட்டையை ஒரு கீறலுக்குக் குறுக்கே பதித்தால், 1 மில்லிமீட்டர் அகல்வு 0.2 சதவீத நீட்சி. சென்சாரின் எண் 10 என்றால் மின்தடை 2 சதவீதம் மாறும். சாதாரணக் கருவியே அதைப் படித்துவிடும். நமக்கு வேண்டியது, இன்று காட்டியதையே நாளையும் காட்டும் நேர்மை. ரப்பருக்கு அது எளிதல்ல. இழுக்கும்போது ஒரு மதிப்பும் விடும்போது வேறொன்றும் காட்டும். நெடுநாள் இழுபட்டே இருந்தால் மெல்லத் தளரும். ஏற்காட்டின் பனிமூட்டமும் வெயிலும் வேறு அதை ஏமாற்றும். அதனால் பட்டையைச் சிலிக்கோன் உறையில் மூட வேண்டும். பக்கத்திலேயே இழுபடாத இன்னொரு பட்டையை வைத்து, வெப்பத்தால் வரும் மாற்றத்தைக் கழிக்க வேண்டும். பதிப்பதற்கு முன் பலமுறை இழுத்துவிட்டுப் பழக்க வேண்டும்.

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள பொறியியல் கல்லூரி மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். கொண்டை ஊசி வளைவுத் தடுப்புச் சுவர் ஒன்றில், அக்டோபர் மழைக்கு முன் அனுமதி பெற்று இரண்டு பட்டைகளைப் பதிக்கட்டும். பக்கத்தில் சாதாரண விரிசல் அளவுகோல் ஒன்றையும் ஒட்டி, ஜனவரி வரை பட்டை காட்டுவதையும் அளவுகோல் காட்டுவதையும் ஒப்பிட்டு எழுதட்டும்.