அழகுக்கலை வகுப்பில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்

(ஒன்றுகூடல் விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "சார், பிளாஸ்டிக் சர்ஜரியில் புதுசா என்ன வந்திருக்குன்னு பதினைந்து நிமிஷம் பேசுங்க" என்றார். புதுசெல்லாம் இப்போது உங்கள் செல்போனிலேயே வந்துவிடுகிறது. அதனால் ஓய்வு பெற்ற பிறகு நான் செய்துவரும் ஒரு வேலையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். காஸ்மெட்டாலஜி பட்டயப் படிப்பு படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் பிளாஸ்டிக் சர்ஜரி பாடம் எடுக்கிறேன். "பியூட்டி பார்லர் பொண்ணுங்களுக்கா சார்?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கல்லூரியிலிருந்து முதலில் என்னை அழைத்தபோது நானும் இதே குரலில்தான் கேட்டேன். முடியாது என்றும் சொல்லிவிட்டேன்.

நாலு பாடம் கேட்டுவிட்டுக் கத்தியைத் தூக்கிவிடுவார்கள் என்பது என் பயம். அது வீண் பயமும் அல்ல. "தையல் இல்லாமல் காது ஒட்டப்படும்" என்ற போர்டை நீங்கள் எல்லா ஊரிலும் பார்த்திருப்பீர்கள். கனத்த கம்மல் போட்டு அறுந்த காதில் ஆசிட் தடவி, இரண்டு ஓரத்தையும் புண்ணாக்கி ஒட்ட வைப்பது. சிலருக்கு ஒட்டும். சிலருக்கு மறுபடி கிழியும். சிலருக்குக் காதில் கெலாய்டு தொங்கும். அப்போது நம்மிடம் வருவார்கள். சுஸ்ருதர் காது மடல் ஒட்டுவதற்குப் பதினைந்து வழிகள் எழுதி வைத்த நாட்டில் இப்படி.

என் மனம் மாறியது ஒரு அம்மாவால். வயது அறுபதுக்குப் பக்கம். மூக்கின் ஓரத்தில் மிளகு அளவு கறுப்பாக ஒன்று. மகள் கல்யாணத்துக்கு முன்னால் முகத்தைச் சரிசெய்துகொள்ளப் போன இடத்தில் அதை மச்சம் என்று சுட்டு எடுத்திருக்கிறார்கள். மறுபடி வந்தது, மறுபடி சுட்டார்கள். மூன்றாவது முறை சுட்ட புண் ஆறவே இல்லை. என்னிடம் வந்தபோது நாசித் துவாரத்தின் ஓரம் அரித்துப்போயிருந்தது. பயாப்ஸியில் பேசல் செல் கார்ஸினோமா. வெள்ளைக்காரர் தோலில் இது முத்துப்போல மினுங்கும் என்று புத்தகத்தில் படித்தோம். நம் தோலில் பெரும்பாலும் கறுப்பாகவே வரும், பார்த்தால் மச்சம்தான். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் சின்னதாக வெட்டி இரண்டு தையலோடு முடித்திருக்கலாம். கடைசியில் மூக்கில் கால்வாசியை எடுத்துவிட்டு, நெற்றித் தோலை இறக்கி மூக்கைக் கட்டினேன். மூன்று வாரம் நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே தும்பிக்கை மாதிரி ஒரு சதைப் பாலம். அந்த அம்மா கண்ணாடியைத் துணி போட்டு மூடச் சொல்லிவிட்டார்.

கோபம் தாங்காமல் அந்தப் பார்லருக்கே போனேன். சுட்ட பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். நடுங்கிப்போய்ச் சொன்னாள்: "கறுப்பா இருந்தா மச்சம்னுதான் சார் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. வேற எதுவும் யாரும் சொல்லலையே." நான் திட்டுவதற்காகத் தயார் செய்து போன வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. மறுவாரம் அந்தக் கல்லூரிக்கு நானே போன் செய்தேன்.

முதல் வகுப்பில் முதல் கேள்வி: "சார், உள்ளே பிளாஸ்டிக் வைப்பீங்களா?" நீங்கள் சிரிக்கிறீர்கள். நம் வீட்டுச் சொந்தக்காரர்களே இதைக் கேட்பார்கள். கிரேக்கச் சொல்லுக்கு உருக்கொடுப்பது என்று பொருள். வான் கிராஃபே என்ற ஜெர்மானியர் 1818-ல் மூக்கு அறுவையைப் பற்றிய தம் நூலுக்கே 'ரைனோபிளாஸ்டிக்' என்று பெயர் வைத்தார், நம் பிளாஸ்டிக் வாளியெல்லாம் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது என்று விளக்கினேன்.

பிறகு வழக்கமான கதை. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி, 1792 போரில் திப்பு சுல்தான் படையிடம் பிடிபட்டு மூக்கை இழந்தது. புனேயில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், மெழுகில் மூக்கு செய்து, அதை நெற்றியில் தட்டையாக விரித்து வைத்துக் கோடு போட்டு, அந்தத் தோலைத் திருப்பி இறக்கிப் புது மூக்கு அமைத்தது. 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மன்ஸ் மேகஸின்' படத்தோடு அதை வெளியிட்டது. அதைப் படித்து கார்ப்யூ என்ற லண்டன் சர்ஜன் 1814-ல் அதே முறையில் செய்தது. முப்பது வருடம் நம் மாணவர்களுக்குச் சொன்ன கதை; பெருமையோடு கேட்டுவிட்டுப் போவார்கள். இந்த வகுப்பில் ஒரு பெண் கை தூக்கினாள். "அவருக்கு நெத்தித் தழும்பை என்ன சார் பண்ணினாங்க?"

ஒன்றும் பண்ணவில்லை. நாமெல்லாரும் அந்தப் படத்தில் மூக்கையே பார்த்துப் பழகியவர்கள்.

அடுத்த சில வாரங்களில் இதே மாதிரி இன்னொன்று நடந்தது. இன்று நான் சொல்ல வந்ததே அதுதான். தீக்காயம் பற்றிய வகுப்பு. மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து முகம் வெந்த ஒரு பெண்ணின் புகைப்படங்களைக் காட்டினேன். பதினேழு வயதில் வந்தவள். இமைகள் மேலே இழுத்துக்கொண்டு கண்ணை மூட முடியாத நிலை. ஐந்து ஆபரேஷன். இமை மூடுகிறது, வாய் திறக்கிறது, கழுத்து நிமிர்கிறது, நெற்றியில் வைத்த தோல் முழுதும் பிடித்துவிட்டது. கேஸ் ஷீட்டில் என் கையாலேயே 'ரிசல்ட் குட்' என்று எழுதியிருக்கிறேன். மாநாடுகளில் இந்தப் படங்களைக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவள் ஃபாலோ-அப்புக்கு வரவில்லை. குணமாகிவிட்டது, வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சார், இந்தக் கடைசி போட்டோவுல அக்காவுக்குப் புருவமே இல்லையே?"

நான் திரும்பி ஸ்கிரீனைப் பார்த்தேன். உண்மைதான், இல்லை. எத்தனை தடவை காட்டிய படம்! நெற்றி கிராஃப்டின் விளிம்பை அளந்து பார்த்தவனுக்குப் புருவம் கண்ணில் படவில்லை.

பழைய விலாசத்தைத் தேடி ஆள் அனுப்பினேன். நாலு வருடமாக அவள் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. தம்பி கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. அவளுடைய அம்மா சொன்னது: "எல்லாம் நல்லாப் பண்ணிட்டீங்க ஐயா. ஆனா முகத்தைப் பார்த்தா சின்னப் புள்ளைங்க அழுவுது."

எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கொல்லிமலையில் 1914-ல் பிறந்து, 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி வேலை செய்ய வைத்தார். கை சரியான பிறகும் அவர்களுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே நோய் தெரிந்துவிடும். விழுந்த மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் சரிசெய்யும் வேலையை அவர்கள் எடுத்துக்கொண்டது அதனால்தான். தலைமுடியோடு சேர்ந்த ஒரு துண்டுத் தோலை, அதன் ரத்தக்குழாயை அறுக்காமல், நெற்றிப்பொட்டுத் தோலுக்கடியில் சுரங்கம் மாதிரி வழி பண்ணிக் கொண்டுவந்து புருவமாக வைப்பார்கள். பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்த விஷயம் இது.

அதே முறையில் அவளுக்கு இரண்டு புருவமும் வைத்தேன். ஆனால் மீதி வேலையைச் செய்தவர்கள் அந்தப் பிள்ளைகள். ஒட்டுத் தோலில் எண்ணெயும் வேர்வையும் சுரக்காது. மேக்கப் போட்டால் வெடித்து உதிரும். முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து ஊறவிட்டு, துடைத்து, மெல்லிய அடுக்குகளாக நிறம் ஏற்ற வேண்டும் என்று அவர்களே செய்து பார்த்துக் கண்டுபிடித்தார்கள். மஞ்சள் கலந்த நிறமா, சிவப்பு கலந்ததா என்று அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

பதிலுக்கு நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, அந்த முகத்தில் எதைச் செய்யக்கூடாது என்பதை. ஒட்டுத் தோலில் உணர்ச்சி முழுதாகத் திரும்பாது. ஸ்டீம் காட்டினாலும், சூடான வேக்ஸ் போட்டாலும் அவளுக்குச் சுடுவது தெரியாது. நீங்கள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வீர்கள். பிளீச் கூடவே கூடாது. வெயில் பட்டால் கறுக்கும், ஆகவே சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே அனுப்பாதீர்கள். தழும்பு காயத்தின் எல்லைக்குள் தடித்திருந்தால் மசாஜும் சிலிகான் ஷீட்டும் உதவும். எல்லையைத் தாண்டி நண்டுக்கால் மாதிரி பரவினால் அது கெலாய்டு, அங்கே கை வைக்காதீர்கள். மேல் காதுக் குருத்தெலும்பில் கன் வைத்துக் குத்தாதீர்கள். சீழ் பிடித்தால் காதே சுருங்கிப்போகும்.

அவர்கள் கொண்டுவந்து காட்டிய நைட் கிரீம் டியூப்களைப் பார்த்து எனக்குத் தூக்கம் போனது. பலதில் ஸ்டீராய்டு. அது தனிப் பிரசங்கம், இன்று வேண்டாம்.

ஊசிகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. உதட்டுக்கும் மூக்குக்கும் ஃபில்லர் போட இரண்டு நாள் பயிற்சி என்று இவர்களுக்கும் விளம்பரம் வருகிறது. நான் ரத்தக்குழாய்களின் படத்தை மட்டும் போட்டுக் காட்டுவேன். புருவ மத்தியிலும் மூக்கின் மேலும் ஓடும் குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாயோடு சேருகின்றன. ஒரு துளி ஜெல் அதற்குள் போனால் அந்தக் கண்ணில் பார்வை போய்விடலாம். வகுப்பு அமைதியாகிவிடும். யூடியூபிலும் பயிலரங்கிலும் பார்த்ததை வைத்து அழகு சிகிச்சை தொடங்கக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொன்னது பார்லர் பெண்களுக்கு அல்ல, நம் டாக்டர்களுக்கு. 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனவர் ஒரு மருத்துவ மாணவர். பின் வரிசைத் தம்பிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களிடம் ஒரு மனக்குறை. சந்தேகமான கறுப்பு, வளர்கிற மரு, ஆறாத புண், தொட்டால் ரத்தம் வருவது, இவற்றைக் கண்டால் தொடாதே, சீட்டு எழுதி டாக்டரிடம் அனுப்பு என்று சொல்லிக்கொடுத்தேன். எழுதி அனுப்பினார்கள். ஒரு மாணவி அழுதுகொண்டே வந்தாள். அவள் அனுப்பிய கஸ்டமரிடம் ஓ.பி.யில் இருந்த டாக்டர், "பார்லர்காரி ரெஃபர் பண்றாளா?" என்று சிரித்து, சீட்டைப் பார்க்காமலேயே ஒரு ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தக் கஸ்டமர் பார்லர் ஓனரிடம் புகார் சொல்லி, இவளுக்கு வேலை போயிற்று. அந்த டாக்டர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. சில வருடங்களுக்கு முன்னால் அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

ஒருவர் முகத்தை ஒரு முழம் தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், அரைமணி நேரம் பார்க்கிறவர்கள் அவர்கள். நம் ஓ.பி.யில் யாருக்கு அந்த நேரம் இருக்கிறது? ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பார்லர் பெயர் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு உங்கள் மேஜைக்கு வந்தால் படித்துப் பாருங்கள். முடிந்தால் அதன் பின்பக்கத்திலேயே என்ன கண்டீர்கள் என்று இரண்டு வரி பதில் எழுதி அனுப்புங்கள். போன வாரம் எனக்கு வந்த சீட்டு இது: "கண்ணுக்குக் கீழே கறுப்பு. த்ரெடிங் பண்ணும்போது பார்த்தேன். ஆறு மாசமா பெருசாகுதாம். நான் தொடவில்லை சார்." ஸ்பெசிமனை லேபுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். தலைமுடியிலிருந்து வைத்த புருவம் தலைமுடி மாதிரியே வளரும். அடிக்கடி வெட்டிவிட வேண்டும். அதற்காக அவள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி, என் பழைய மாணவி ஒருத்தியின் கடைக்கு வருகிறாள். என்னிடம் இப்போதும் ஃபாலோ-அப்புக்கு வருவதில்லை.