தோல் பந்தும் மண் குவளையும்



நினைவுச் சொற்பொழிவில் எழுத்தாளர்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நான் இன்று ஒரு பந்துவீச்சாளரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் பல்வங்கர் பாலு. தோல் வேலையோடு பிணைக்கப்பட்ட சாமர் சாதியில் பிறந்தவர். இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் சுழற்பந்து வீச்சாளர்.

புனேயில் வெள்ளையர்களின் ஜிம்கானாவில், மாதம் நான்கு ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆடுகளத்தைப் பராமரித்தார். பயிற்சியின்போது துரைமார்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டையை மட்டும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை.

அவரது இடதுகை வித்தை தெரிந்ததும் புனே இந்துக்கள் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். களத்தில் அவர் தொட்ட பந்தை அவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மட்டும் அவருக்கு வெளியே, தனியாக, மண் குவளையில் தேநீர். இரட்டைக் குவளையைத் தருமபுரிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பந்து தோலால் ஆனது. தோலைத் தொடும் சாதி என்று அவரை ஒதுக்கியவர்கள், ஆட்டத்தில் வெல்வதற்காக அதே தோலைக் கையில் ஏந்தினார்கள். அப்படியானால் தீட்டு தோலில் இல்லை. ஆளைப் பார்க்கும் கண்ணில் இருக்கிறது.

1906இல் பம்பாயில் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றார்கள். அதில் பாலுவின் பங்கு பெரிது. 1911இல் இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது 114 விக்கெட் எடுத்தார். அந்த அணிக்குத் தலைவர் யார் தெரியுமா? 19 வயதுப் பாட்டியாலா மகாராஜா!

திறமை இருந்தால் சாதி தானாக ஒழியும் என்பவர்களுக்குப் பாலுவின் வாழ்க்கையே பதில். இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவே இல்லை. 1920இல் அவரது தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளியேறினார்கள். அதன் பிறகே பாலுவுக்குத் துணைத் தலைவர் பதவி வந்தது. 1923இல் விட்டல் தலைவரானார். விக்கெட்டுகள் கைதட்டலைத்தான் வாங்கித் தந்தன. தலைமையை வாங்கித் தந்தது அந்த மறுப்பு.

அவரை வழிபடச் சொல்லவில்லை. 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார். அதையும் மறைக்காமல் சொல்வோம். நம் முன்னோடிகளைப் பிழைகளோடு சேர்த்தே நினைவுகூரும் துணிவு நமக்கு வேண்டும்.

தோழர்களே, பெங்களூருக்குப் போய் உழைத்துக் கட்டிய வீடுகள் 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனியில் எரிந்ததைப் பார்த்த மாவட்டம் இது. நாம் முன்னேறினால் சாதி மன்னித்துவிடாது என்பதை நாம் அனுபவித்து அறிந்தவர்கள்.

நாட்டின் பெரிய உள்நாட்டுக் கோப்பைக்கு ஓர் அரசரான ரஞ்சியின் பெயர். ஆடுகளம் பராமரித்தவரின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் பந்து வீசும் நம் காலனிப் பையன்களிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள். 114 விக்கெட்டைச் சொல்லுங்கள். அந்த மண் குவளையையும், தம்பிகள் களத்தைவிட்டு வெளியேறியதையும் சேர்த்தே சொல்லுங்கள்.