காவல் என்னும் பெயரால் கதவடைப்பு



மது பரிமாறும் விடுதியிலே பெண்ணுக்கு வேலையில்லை என்றது 1914-ஆம் ஆண்டுப் பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டம். தலைநகர் தில்லியையும் அது ஆண்டது. காரணம் என்ன? பெண்ணுக்குப் பாதுகாப்பாம்! தீங்கு செய்பவன் உள்ளே. தீங்குக்கு ஆளாகிறவள் வெளியே! இதுவா நீதி? 2007-இல் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது. உரிமையைப் பறிப்பதன்று, அச்சமின்றி உழைக்க வழிசெய்வதே அரசின் கடமை எனத் தெளிவுறுத்திற்று.

மதுவுக்கா பரிந்து பேசுகிறீர் என்பர் சிலர். அல்ல! மது தீதெனில் இருபாலார்க்கும் தீது. ஆணுக்குக் கூலி, பெண்ணுக்கு ஒழுக்கம் எனப் பங்கிடுவதையே மறுக்கிறோம்.

தில்லிக் கதைதானே என்றிருந்துவிடாதீர்! 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் இரவு 7 மணிக்குமேல் பெண்ணுக்கு ஆலைக் கதவை அடைத்தது. திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அதுவே விதி. 2000-இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தடையை வீழ்த்தியது. பாதுகாப்பு ஏற்பாடுகளையும் வற்புறுத்தியது.

தீர்ப்பு கதவைத் திறக்கும்; வழித்துணையாக வராது. ஆகவே, தொழிற்சங்கத் தோழரே! பெண் இரவிலே வரலாமா என்று கேட்பதை விடுத்து, அவள் வீடு சேர வண்டி உண்டா என்று நிருவாகத்தைக் கேளுங்கள்!