செல்போன் கம்பெனிகளின் போட்டியும் நமது கூலிக் காசும்
(பூதப்பாண்டியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கும்பப்பூ நடவுக்கு ஆள் கூப்பிடுவது இப்போது போனில்தான். "நேற்று ராத்திரி உனக்குப் போன் போட்டேன், போகவில்லையே" என்று மறுநாள் சொல்கிறார்கள். ரீசார்ஜ் தீர்ந்து சில நாளில் வருகிற அழைப்பும் நின்றுபோகிறது. ஒரு நாள் கூலி போயிற்று! மண்வெட்டி, அரிவாள் போல செல்போனும் நமக்கு வேலைக் கருவியாகிவிட்டது.

இந்தக் கருவியின் விலை எங்கே தீர்மானிக்கப்படுகிறது? பம்பாய்ப் பங்குச் சந்தையில் பணம் போட்டவர்கள் போட்டியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் விஷயம் புரியும்.

2016 செப்டம்பர் 1-ந் தேதி ஜியோவின் மலிவான கட்டணத்தை முகேஷ் அம்பானி அறிவித்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஏர்டெல், ஐடியா பங்குகளின் விலை சரிந்தது. ஜனங்களுக்குக் கொண்டாட்டம், பங்குதாரருக்குத் துக்கம்!

2024 ஜூன் 27-ந் தேதி ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. மறுநாளே ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் உயர்வை அறிவித்தன. அன்று ரிலையன்ஸ் பங்கின் விலை ஏறியது. நமக்குத் துக்கம், அவர்களுக்குக் கொண்டாட்டம்!

போட்டியால் நமக்கு லாபமே இல்லையா? உண்டு. 1995-ல் மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து நாட்டின் முதல் செல்போன் அழைப்பைப் பேசிய காலத்தில், நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். வருகிற அழைப்புக்கும் காசு. அந்த நிலை மாறி, கூலிக்காரன் கையிலும் போன் வந்ததற்குப் போட்டியும் ஒரு காரணம். இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் முதலாளிகளின் போட்டி எதில் போய் முடிகிறது? பெரிய மீன் சின்ன மீனை விழுங்குவதில்! பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் இருந்தன. 2017 இறுதியில் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் பேச்சுச் சேவையை நிறுத்தியது. 2018-ல் நமது தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் திவாலாயிற்று. நம்பரைக் காப்பாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை கடையாய் அலைந்தார்கள். அதே ஆண்டு வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. இன்று பத்து சந்தாதாரரில் ஏழு பேருக்கு மேல் இரண்டே கம்பெனிகளின் கையில்.

பங்குதாரர் இதைச் "சந்தை சீரடைந்தது" என்கிறார். அவரிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான்: ஒரு தலைக்கு மாதம் எவ்வளவு வருமானம்? ஏர்டெல்லுக்கு 2018 கடைசி மூன்று மாதங்களில் அது 104 ரூபாய். 2024 ஜூலை-செப்டம்பரில் 233 ரூபாய். 300 ஆக வேண்டும் என்பது அவர்கள் குறி. அந்தத் "தலை" யாருடையது தோழர்களே? உங்களுடையதும் என்னுடையதும்தான்!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். மாதம் என்றால் 30 நாள். ரீசார்ஜுக்கோ 28 நாள்! ஆகவே வருஷத்துக்கு 12 தடவை அல்ல, 13 தடவை பணம் கட்டுகிறோம். 199 ரூபாய் ரீசார்ஜ் என்றால் வருஷத்துக்கு 2,587 ரூபாய். இரண்டு பேர் போன் வைத்திருக்கும் வீட்டில் ஐயாயிரத்தைத் தாண்டுகிறது.

லாபம் வந்தால் அது பங்குதாரருக்கு. நஷ்டம் வந்தால்? வோடபோன் ஐடியா சர்க்காருக்குக் கட்டவேண்டிய பாக்கி பங்காக மாற்றப்பட்டு, 2025-ல் அதன் பங்குகளில் ஏறக்குறைய பாதி சர்க்கார் கைக்கு வந்தது. சுமை பொதுமக்கள் தலையில்!

நமக்குச் சொந்தமான பி.எஸ்.என்.எல். என்ன ஆயிற்று? மற்றவர்கள் 4ஜி கொடுத்து ஆண்டுகள் பல ஆன பிறகும் அது காத்துக் கிடந்தது. 2020 ஜனவரியில் 78 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். அப்படியிருந்தும், 2024 ஜூலையில் மற்ற மூவரும் கட்டணத்தை ஏற்றியபோது அது ஏற்றவில்லை. அந்த ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் சந்தாதாரர்கள் அதில் கூடினார்கள். ஜனங்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யார் சொன்னது?

சந்தையில் விலை ஏற்றாத ஒரு பொதுக் கடை இருந்தால்தான் மற்ற கடைக்காரன் தராசுக்கும் பயம் இருக்கும். ஆகவே, பி.எஸ்.என்.எல். கோபுரங்கள் மலையடிவாரக் கிராமம் வரை ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பேச்சுக்கு மட்டும் குறைந்த கட்டணமும், முழு மாதக் கணக்கும் கேளுங்கள். ரீசார்ஜ் தீர்ந்தாலும் வருகிற அழைப்பை நிறுத்தாதே என்று கேளுங்கள்.

ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. வயலும் ஆலையும் சேர்ந்து கேட்டால் அது பம்பாய் வரைக்கும் எட்டும்!